பழைய ஊருக்குள் ஒரு பாட்டுக்கூடம்: ராமநாதபுரம் கடற்கரையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கீழக்கரையில் சங்கு வியாபாரக் காலத்துக் கிட்டங்கி (சரக்குக் கிடங்கு) ஒன்றை 120 பேர் உட்கார்ந்து பாட்டுக் கேட்கும் கூடமாக மாற்றும் வேலையில் மூன்று வருடம் இருந்தேன். கட்டட வடிவமைப்பு என் தொழில். அந்த வேலை முடிந்ததிலிருந்து ராமநாதபுரம் அரண்மனைப் பக்கம், ராமேஸ்வரம், தொண்டி என்று பல ஊர்களிலிருந்தும் கூப்பிட்டுக் கேட்கிறார்கள்: "தாத்தா வீடு பூட்டிக் கிடக்கிறது, அதில் கச்சேரி வைக்க முடியுமா?" திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஊருக்கு வெளியே பெரிய கல்யாண மண்டபங்கள் இருக்கின்றனவே, நெரிசலான பழைய தெருவுக்குள் எதற்கு?

கல்யாண மண்டபம் பந்திக்கும் கூட்டத்துக்கும் கட்டியது. பளபளப்பான டைல்ஸ் தரை, வழுவழுப்பான சுவர், உயரத்தில் தகரக் கூரை. பாடுபவர் ஒரு சொல்லை முடிப்பதற்குள் முந்தைய சொல் திரும்பி வந்து அதன்மேல் விழும். அதை அமுக்க ஸ்பீக்கர் சத்தத்தைக் கூட்டுவார்கள். கூட்டக் கூட்ட முழக்கமும் கூடும். வீணைக் கச்சேரி ஒன்றை அப்படி ஒரு மண்டபத்தில் கேட்டுவிட்டு, எந்த ராகம் என்றே பிடிபடாமல் வீடு திரும்பியிருக்கிறேன்.

ராமநாதபுரத்துக்கு இசை புதிதில்லை. பூச்சி ஸ்ரீனிவாச ஐயங்கார் (1860–1919) இந்த ஊர்க்காரர். இன்று நாம் கேட்கும் கச்சேரி முறைக்கு வடிவம் கொடுத்த அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் அவரிடம் படித்தவர். நாகூர் ஹனீபா பிறந்ததும் ராமநாதபுரத்தில்தான். பூச்சி ஐயங்கார் காலத்தில் மைக் கிடையாது. அரண்மனைக் கூடத்திலும் பெரிய வீட்டுப் பட்டாலையிலும் உட்கார்ந்து பாடினார்கள், கேட்டார்கள். அந்த அளவுள்ள கூடங்கள் நம் பழைய தெருக்களில் இன்னும் நிற்கின்றன. தடித்த சுவர், உயர்ந்த மச்சு, தேக்கு உத்தரம் எல்லாம் ஏற்கெனவே இருக்கின்றன. நடந்து வந்து கேட்டுவிட்டு நடந்தே வீட்டுக்குப் போகும் தூரத்தில் இருக்கின்றன. பூட்டிக் கிடந்தால் பத்து மழைக்காலத்தில் மச்சு இறங்கிவிடும். ஆள் புழங்கினால்தான் கட்டடம் நிற்கும்.

முதலில் எதை முடிவு செய்ய வேண்டும்?

எத்தனை பேர் என்பதை. வருகிறவர்கள் எல்லாருமே "முந்நூறு பேராவது உட்கார வேண்டும்" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். நான் வேறு கேள்வி கேட்கிறேன்: மைக் இல்லாமல் பாடினால் கடைசி ஆளுக்குக் கேட்க வேண்டுமா, வேண்டாமா? கேட்க வேண்டும் என்றால் பாடுபவருக்கும் கடைசி வரிசைக்கும் இடையே 12 மீட்டருக்கு மேல் போகாதீர்கள்.

கணக்கு எளிது. ஒரு மீட்டர் தூரத்தில் 75 டெசிபல் இருக்கும் குரல், திறந்தவெளியில் தூரம் இரட்டிக்கும் ஒவ்வொரு தடவையும் 6 டெசிபல் குறையும். 12 மீட்டரில் அது 53, 54க்கு வந்துவிடும். கூடத்துக்குள் சுவரும் மச்சும் கொஞ்சம் திருப்பிக் கொடுக்கும், உண்மைதான். ஆனால் தலைக்கு மேல் நாலு மின்விசிறி முழு வேகத்தில் சுற்றினால் அதுவே கிட்டத்தட்ட 50ஐத் தொடும். குரலும் விசிறியும் தோளுக்குத் தோள் நிற்கிற நிலை. தம்புராவின் சுருதி அதில் காணாமல் போகும்.

அதனால் பழைய ஊருக்குள் 100 முதல் 150 பேர் என்பதே என் கணக்கு. சந்தின் அகலமும் அக்கம்பக்கத்தின் பொறுமையும் தாங்குகிற எண்ணிக்கையும் அதுதான். கூட்டம் அதிகம் வந்தால் அதே கச்சேரியை இரண்டு நாள் வையுங்கள்.

கிட்டங்கிக்குள் கைதட்டினால் குகை மாதிரி முழங்குகிறது. இதில் எப்படிப் பாட முடியும்?

இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது. காலியான கூடத்தைப் பார்த்துப் பயந்துவிடுகிறார்கள். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சத்தம் நின்ற பிறகும் கூடத்தில் சுற்றிச் சுற்றித் தேய்ந்து மறைய எடுக்கும் நேரத்தை எதிர்முழக்க நேரம் என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்போம். 60 டெசிபல் குறைய எத்தனை விநாடி ஆகிறது என்பதே அளவு. இதற்கான சூத்திரத்தைத் தந்தவர் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இருந்த வாலஸ் சபீன். 1895ல் அங்கே ஒரு விரிவுரைக் கூடத்தில் பேச்சே புரியவில்லை என்று சரிசெய்யச் சொன்னார்கள். அவர் பக்கத்து அரங்கத்திலிருந்து இருக்கை மெத்தைகளைச் சுமந்து வந்து, போட்டும் எடுத்தும் இரவிரவாக அளந்து கண்டுபிடித்தார். கூடத்தின் கன அளவை 0.161ஆல் பெருக்கி, அதன் மொத்த உட்கவர் பரப்பால், அதாவது சத்தத்தை முழுக்க உறிஞ்சும் பரப்பாகக் கணக்கிட்டால் வரும் அளவால், வகுக்க வேண்டும். அவ்வளவுதான்.

12 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம், 5 மீட்டர் உயரம் உள்ள ஒரு கிட்டங்கியை எடுத்துக்கொள்வோம். கன அளவு 480 கனமீட்டர். சுவர், தரை, மச்சு எல்லாம் சேர்த்து 392 சதுர மீட்டர். வெறும் காரைப்பூச்சு தன்மேல் விழும் சத்தத்தில் நூற்றில் மூன்று பங்கைத்தான் உறிஞ்சும். அதாவது 12 சதுர மீட்டர் திறந்த ஜன்னலுக்குச் சமம். 0.161ஐ 480ஆல் பெருக்கி 12ஆல் வகுத்தால் 6.4 விநாடி. நீங்கள் சொல்லும் குகை அதுதான்.

இப்போது 120 பேரை ஜமுக்காளத்தில் உட்கார வையுங்கள். ஒரு ஆள் சுமாராக 0.45 சதுர மீட்டர் அளவுக்குச் சத்தத்தை உறிஞ்சுவார். 120 பேருக்கு 54. பழைய 12ஐச் சேர்த்தால் 66. எதிர்முழக்க நேரம் 1.2 விநாடிக்கு இறங்கிவிடுகிறது. குரலுக்கும் வீணைக்கும் வயலினுக்கும் இதைவிடப் பொருத்தமான அளவை நான் தேடமாட்டேன். பேச்சுக்கு மட்டும் என்றால் ஒரு விநாடிக்குக் கீழே வேண்டும். மேற்கத்தியப் பெரிய வாத்தியக் குழுவுக்கு இரண்டு விநாடி கேட்பார்கள். நம் பாட்டில் சாகித்யமும் (பாட்டின் சொற்கள்) புரிய வேண்டும், கார்வையும் (நீட்டி நிறுத்தும் சுரம்) நிற்க வேண்டும். 1.0 முதல் 1.3 வரை அதற்குச் சரி.

ஆக, கூடத்தைச் சரிசெய்கிறவர்கள் ரசிகர்களே. சிக்கல் வருவது கூட்டம் குறைந்த நாளில். 40 பேர் வந்தால் அதே கூடம் இரண்டரை விநாடி முழங்கும். அந்த நாளுக்காகப் பின்சுவரிலும் பக்கச் சுவரின் பின்பாதியிலும் கனமான பருத்தித் திரைகளை மடிப்பு மடிப்பாக, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளித் தொங்கவிடுங்கள். கூட்டம் நிறைந்தால் ஒதுக்கிவிடலாம், குறைந்தால் இழுத்துவிடலாம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். நேருக்கு நேர் நிற்கும் இரண்டு வெறும் சுவர்களுக்கு நடுவே நின்று ஒரு தட்டு தட்டினால் "டர்ர்" என்று ஒரு அதிர்வு கேட்கும். சத்தம் இரண்டுக்கும் நடுவே பந்து மாதிரி ஓடுகிறது. மிருதங்கத்தின் "நம்" என்ற அடி அதில் மாட்டினால் காதில் குத்தும். பழைய சுவரில் விளக்கு மாடங்கள் இருந்தால் அவற்றை அடைக்காதீர்கள். மாடம், தூண், செதுக்கிய கதவு, புத்தக அலமாரி எல்லாம் சத்தத்தைச் சிதறடிக்கும். எங்கள் கிட்டங்கியில் அடைத்துவைத்திருந்த ஒன்பது மாடங்களைத் திறந்தபோது அந்த அதிர்வு பாதிக்கு மேல் போய்விட்டது.

ஸ்டுடியோவில் ஒட்டுவது மாதிரி சுவரெல்லாம் ஃபோம் ஒட்டிவிட்டால் போதாதா?

வேண்டவே வேண்டாம். மெல்லிய ஃபோம் உச்ச ஒலிகளை மட்டும் தின்னும், கீழ் ஒலிகளை அப்படியே விட்டுவிடும். குரலின் தெளிவு போய் தவிலின் கனம் மட்டும் மிஞ்சும். அதைவிட முக்கியம் தீ. 2003ல் அமெரிக்காவின் ரோட் ஐலண்டு மாநிலத்தில் ஒரு இசை விடுதியின் மேடைச் சுவரில் ஒட்டியிருந்த ஃபோம் வாணப்பொறியில் பற்றிக்கொண்டு, சில நிமிடங்களில் பரவி, 100 பேர் இறந்தார்கள். நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. கும்பகோணத்தில் 2004 ஜூலையில் கீற்றுக்கூரை பற்றி 94 பிள்ளைகளைப் பறிகொடுத்த தமிழ்நாடு இது. ஃபோம், தெர்மோகோல், கீற்று, பிளாஸ்டிக் துணி எதையும் கூடத்துக்குள் அனுமதிக்காதீர்கள்.

தேங்காய் நார்ப் பலகையைத் தீத்தடுப்புப் பூச்சு கொடுத்து, மரச் சட்டத்தில் அடித்து, சுவருக்கும் அதற்கும் இடையே நாலு விரல் இடைவெளி விட்டுப் பொருத்துங்கள். அந்தக் காற்று இடைவெளிதான் கீழ் ஒலிகளையும் கொஞ்சம் பிடிக்கும். மேலே மெல்லிய பருத்தித் துணி போர்த்தினால் பார்வைக்கும் நன்றாக இருக்கும்.

எங்கள் சுவர் பவளக்கல். அதற்குச் சிமென்ட் பூசலாமா?

கூடாது. இதை நான் பட்டு அறிந்தேன்.

மன்னார் வளைகுடா ஓரத்துப் பழைய கட்டடங்களில் கடலில் வெட்டிய பவளக்கல்லைப் பார்க்கலாம். தனுஷ்கோடியில் 1964 டிசம்பர் புயலுக்குப் பிறகு இடிந்து நிற்கும் தேவாலயத்தின் சுவரில் அந்தக் கல் வெளியே தெரியும். பஞ்சு மாதிரி துளை துளையாக இருக்கும். துளைக்குள் உப்பு இருக்கும். தரையிலிருந்து ஈரமும் ஏறும். சுண்ணாம்புக் காரை பூசிய சுவர் அந்த ஈரத்தை மெல்ல வெளியே விட்டு மூச்சுவிடும். சிமென்ட் அந்த மூச்சை அடைத்துவிடும். ஈரம் உள்ளேயே நிற்க, உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகி வளர்ந்து, பூச்சைத் தள்ளிக்கொண்டு கல்லையும் பொடியாக்கும்.

நான் ஊரில் இல்லாத ஒரு வாரத்தில் ஒப்பந்தக்காரர் எங்கள் வடக்குச் சுவருக்குச் சிமென்ட் பூசிவிட்டார். வேலையைச் சீக்கிரம் முடிக்கும் நல்ல எண்ணம்தான். ஐப்பசி மழை முடிந்து தை பிறப்பதற்குள் சுவர் முழுக்கக் கொப்புளம். உரித்து எடுத்தபோது கல்லின் மேல்தோல் கையோடு வந்தது. அந்தச் சுவரைக் காப்பாற்ற ஒரு முழுக் கோடையை அப்படியே வெறுமனே விட்டுக் காயப்போட்டோம். ஊறவைத்த காகிதக் கூழைச் சுவரில் அப்பி, காய்ந்ததும் எடுத்து, மறுபடி அப்பி, உப்பை வெளியே இழுத்தோம். அதற்குப் பிறகே காரை. இழந்த கல்லுக்கு மாற்றுக் கல் கிடையாது. பாறை கட்டும் பவளங்கள் 2001லிருந்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, கடலிலிருந்து ஒரு துண்டுகூட எடுக்க முடியாது. எடுக்கவும் கூடாது. இடிந்த பழைய வீட்டிலிருந்து கல் வாங்குவதாக இருந்தாலும் முதலில் வனத்துறையைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

காரைக்குக் கிளிஞ்சல் சுண்ணாம்பு வாங்கி, தொட்டியில் நீற்றி, குறைந்தது சில வாரம் ஊறவிடுங்கள். கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்ப்பது நம் கொத்தனார்கள் அறிந்த முறை. ஊர்க் கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரித்தால் காரைக்கு எடுக்காதீர்கள், நல்ல தண்ணீர் வண்டியில் வரவழையுங்கள். கடல் மணல் கூடவே கூடாது. உத்தரங்களின் முனை சுவருக்குள் புதைந்திருக்கும் இடத்தை ஆசாரி உளியால் குத்திப் பார்க்க வேண்டும். நடுவில் உறுதியாக இருக்கும் தேக்கு, முனையில் கரையான் அரித்துக் கூடாக இருக்கும்.

நல்ல காரைப்பூச்சு காதுக்கும் நல்லது. முட்டை ஓடு மாதிரி வழவழவென்று தேய்க்காமல் கொஞ்சம் சொரசொரப்பாக விட்டால், கண்ணாடியும் கிரானைட்டும் திருப்பியடிக்கும் கூர்மை அதில் இருக்காது.

பாட்டு வெளியே போய் அண்டை வீட்டாருக்குத் தொந்தரவு ஆகாமல் எப்படித் தடுப்பது?

இரண்டடிச் சுவர் உங்கள் பக்கம் இருக்கிறது. ஒரு சதுர மீட்டருக்கு ஒரு டன் அளவு கனம் உள்ள சுவரைத் தாண்டிப் பாட்டு போகாது. போவது கதவிலும் ஜன்னலிலும் இடுக்கிலும்தான். சுவர்ப் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு ஓட்டை இருந்தால், சுவர் எவ்வளவு தடித்திருந்தாலும் 20 டெசிபலுக்கு மேல் தடுக்க முடியாது. ஆகவே காசைச் சுவரில் கொட்டாதீர்கள், கதவில் போடுங்கள். தெருக்கதவுக்கும் கூடத்துக் கதவுக்கும் நடுவே ஒரு சிறு ரேழி இருக்கட்டும். ஒன்று மூடிய பிறகுதான் மற்றது திறக்க வேண்டும். பழைய வீடுகளில் திண்ணை, நடை, கூடம் என்ற வரிசை இந்த வேலையைத்தான் செய்தது. அந்த நடையை இடித்துக் கூடத்தோடு சேர்த்துவிடாதீர்கள்.

ஜன்னலை மூடினால் வேர்த்துக் கொட்டும். அதற்குக் காற்றை மட்டும் விடும் வளைந்த வழி ஒன்று செய்யலாம்: சுவரோடு ஒட்டி, இரண்டு முறை மடங்கும் அகலமான மரப்பெட்டி, உள்ளே நார்ப் பலகை. காற்று வளைந்து வரும், சத்தம் மோதி மோதித் தேயும். மச்சுக்குக் கீழே சூடான காற்று வெளியேறவும் இதே மாதிரி ஒன்று வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் தெரிந்துகொள்ளுங்கள். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலுக்கு 55 டெசிபல், இரவுக்கு 45. வணிகப் பகுதியில் 65, 55. இரவு என்பது 10 மணி முதல் காலை 6 மணி வரை. அந்த நேரத்தில் திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. மூடிய அரங்கத்துக்குள் இருப்பவர்களுக்காக மட்டும் வைத்துக்கொள்ளலாம். ஆனாலும் எங்கள் கூடத்தில் ஒன்பதரைக்கு மங்களம் பாடிவிடுவார்கள். பத்து மணிக்குச் செருப்புத் தேடும் சத்தமும் வண்டி கிளப்பும் சத்தமும் கச்சேரியைவிட அதிகம் தெருவில் கேட்கும்.

சுற்றிலும் பள்ளிவாசல், கோயில், தேவாலயம். நேரத்தை எப்படி வகுப்பது?

வரைபடம் போடும் முன்பே ஜமாஅத்திலும் கோயில் நிர்வாகத்திலும் உட்கார்ந்து பேசுங்கள். கீழக்கரையில் நாங்கள் செய்த முதல் வேலை ஒரு வருடத்துக்கான தொழுகை நேர அட்டவணையைச் சுவரில் ஒட்டியது. சூரியன் மறைவதோடு மஃரிப், அதன்பின் ஒரு மணி, ஒன்றேகால் மணி நேரத்தில் இஷா. மார்கழியில் ஆறு மணியை ஒட்டி இருட்டும், ஆனி ஆடியில் ஆறரை தாண்டும். இடையில் ஒரு கச்சேரியை நிம்மதியாக முடிக்க முடியாது. ஒன்று பிற்பகல் தொழுகையான அஸருக்குப் பிறகு ஆரம்பித்து மஃரிபுக்கு முன் முடிக்கும் சின்னக் கச்சேரி, இல்லாவிட்டால் இஷா முடிந்து எட்டு, எட்டேகாலுக்குத் தொடங்கும் ஒன்றேகால் மணி நேரக் கச்சேரி. இரண்டும் நடக்கின்றன. ரமலானில் கூடம் பூட்டியிருக்கும், அந்த மாதம் காரை வேலை பார்ப்போம்.

இந்த நேரக் கணக்கு கட்டடத்தையும் மாற்றியது. தொழுதுவிட்டு வருபவர்கள் கொஞ்சம் முன்பின்னாக வருவார்கள். அவர்கள் உட்காரவும் தேநீர் குடிக்கவும் திண்ணையை நீளமாக்கினோம். கை கால் கழுவத் தண்ணீர் வைத்தோம். பெண்கள் நெரிசல்படாமல் வந்துபோகப் பக்கச் சந்தில் இருந்த பழைய வாசலைத் திறந்தோம். மேடையைப் பள்ளிவாசல் பக்கச் சுவரில் வைக்காமல் எதிர்ப்பக்கம் வைத்தோம்.

நாகஸ்வரம், தவில், நையாண்டி மேளம், ஃபக்கீர்களின் தாயிரா (கையில் பிடித்துத் தட்டும் தோல் வாத்தியம்), இதெல்லாம் கூடத்துக்குள் ஒத்துவருமா?

நாகஸ்வரமும் தவிலும் கோயில் வீதிக்கும் ஊர்வலத்துக்கும் பிறந்த வாத்தியங்கள். 480 கனமீட்டர் கூடத்துக்குள் அரை மணி நேரம் வாசித்தால் காது வலிக்கும், வாசிப்பவருக்கும் திருப்தி இருக்காது. அவர்களுக்கு முற்றம் வேண்டும். முடிந்தால் கூடமும் முற்றமும் இரண்டும் உள்ள கட்டடமாகப் பாருங்கள். குரல், வீணை, வயலின், புல்லாங்குழல் உள்ளே. மேளம், ஒயில், கும்மி, வில்லுப்பாட்டு, வலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டு வெளியே. தாயிரா இரண்டிலும் பொருந்தும், உள்ளே என்றால் ஆட்களைக் குறைத்துக்கொள்ள வேண்டும். பாட்டுக்கூடம் என்றதும் சபா கச்சேரி மட்டும் நினைவுக்கு வந்தால் ஊரில் பாதிப் பேருக்கு அங்கே இடமில்லாமல் போய்விடும்.

முற்றத்துக்குக் காற்றுத் திசையைப் பாருங்கள். காற்றோடு போகும் சத்தம் தாழ வளைந்து தூரம் கேட்கும், எதிர்க்காற்றில் மேலே எழும்பி மறைந்துவிடும். கீழக்கரைக்குக் கடல் தெற்கே. வாடை அடிக்கும் மார்கழியில் முற்றத்து மேளம் கடல் பக்கம் போய்விடும். ஆடியில் தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று அதையே ஊருக்குள் கொண்டுவந்து கொட்டும். தொண்டிக்குக் கடல் கிழக்கே, அங்கே கச்சான் காற்றே உங்களுக்கு உதவி. மேள நிகழ்ச்சிகளின் மாதங்களை இதை வைத்தே தேர்ந்தெடுக்கலாம்.

மேடை எப்படி இருக்க வேண்டும்?

தாழ்வாக. தரையில் உட்கார்ந்து கேட்பவர்களுக்கு ஒன்றரை அடி உயரம் போதும். அடியில் வெற்றிடம் விட்ட கனமான மரப்பலகை மேடையாக இருந்தால் மிருதங்கத்துக்கும் கடத்துக்கும் ஒரு உடல் கிடைக்கும். கலைஞருக்குப் பின்னால் திரை போடாதீர்கள். அந்தச் சுவர்தான் குரலை முன்னால் தள்ளுகிறது, அது வெறும் காரையாகவே இருக்கட்டும்.

ராமலிங்க விலாசத்திலேயே கச்சேரி வைத்தால் என்ன? ராமேஸ்வரம் பிராகாரத்தில்?

ராமலிங்க விலாசம் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சேதுபதிகளின் அரண்மனை. சுவர், தூண், விதானம் எங்கும் 18ஆம் நூற்றாண்டின் தொடக்ககால ஓவியங்கள் இருக்கின்றன. நூறு பேர் இரண்டு மணி நேரம் மூச்சுவிட்டால் அந்த ஈரம் ஓவியத்தில்தான் போய்ப் படியும். விளக்குச் சூடு வேறு. அதன் கூடத்தில் நின்று, தூண் வரிசைகள் பேச்சை எப்படி உடைத்து மென்மையாக்குகின்றன என்று கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். நான் ஒவ்வொரு வேலைக்கு முன்பும் ஒரு தடவை போய்விட்டு வருவேன். அங்கே மேடை போட வேண்டாம்.

ராமேஸ்வரத்து மூன்றாம் பிராகாரத்தின் நீண்ட பக்கம் 600 அடிக்கு மேல். சத்தம் அந்த முனைக்குப் போய்த் திரும்ப ஒரு விநாடிக்கு மேலாகும். நாகஸ்வரம் நடந்துகொண்டே வாசிக்க அருமையான இடம். உட்கார்ந்து பாடும் கூடத்தை யாரும் அந்த நீளத்தில் வடிவமைக்கக் கூடாது.

என்னென்ன அனுமதி?

உள்ளாட்சியின் கட்டட அனுமதி, பொதுக் கட்டடத்துக்கான உரிமம், தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று. மத்தியத் தொல்லியல் துறையின் நினைவுச்சின்னம் அருகில் இருந்தால் 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானம் கூடாது, அதற்கு அப்பால் இன்னும் 200 மீட்டர் வரை அனுமதி வாங்க வேண்டும். மாநிலத் துறையின் சின்னம் அருகில் என்றால் அந்தத் துறையைத் தனியாகக் கேளுங்கள். கடலின் உயர் அலைக்கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள் இருந்தால் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகள் வரும். கீழக்கரையிலும் ராமேஸ்வரத்திலும் பழைய ஊரின் பெரும்பகுதி இந்த அலைக்கோட்டுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. பயன்பாட்டை மாற்றுகிறோம் என்பதை விண்ணப்பத்திலேயே வெளிப்படையாக எழுதுங்கள்.

சந்துக்குள் வண்டி வராதே, அவசரம் என்றால்?

எதிரெதிர்த் திசையில் இரண்டு வாசல், இரண்டும் வெளிப்பக்கம் திறக்க வேண்டும், நிகழ்ச்சி நேரத்தில் பூட்டே கூடாது. தீயணைப்பு வண்டி எதுவரை வரும் என்று நிலைய அதிகாரியை நேரில் அழைத்துக் காட்டுங்கள். மாடியில் ஆட்களை ஏற்றாதீர்கள்.

கடல் காற்றில் கருவிகள் தாங்குமா? ஏசி போடலாமா?

இரும்பு தாங்காது. திருகாணி, கொக்கி, விளக்குத் தாங்கி எல்லாம் பித்தளை அல்லது துருப்பிடிக்காத எஃகு. ஸ்பீக்கரை நிகழ்ச்சி முடிந்ததும் உறை போட்டு உள்ளறையில் வையுங்கள். கலைஞர்களுக்கு ஒரு சின்ன அறை மட்டும் ஏசியோடு இருக்கட்டும், ஆனால் மிருதங்கத்தை அங்கே வைத்து நேராகக் கூடத்துக்குக் கொண்டுவந்தால் தோல் ஈரம் வாங்கிச் சுருதி இறங்கும். அரை மணி முன்பே மேடைக்கு வந்துவிட வேண்டும். கூடத்துக்கு ஏசி வேண்டாம் என்பது என் கருத்து. காற்று வழி சரியாக இருந்தால் மெதுவாகச் சுற்றும் பெரிய விசிறிகள் போதும்.

காசை எந்த வரிசையில் செலவழிப்பது?

மச்சு ஒழுகாமல் இருப்பது முதலில். அடுத்து சுவர் ஈரம், மின்கம்பிகள், வாசல்கள், காற்று வழி. மேடையும் நார்ப் பலகையும் அதன்பின். ஸ்பீக்கர் கடைசி. பலர் ஸ்பீக்கரில் ஆரம்பித்து மச்சுக்குக் காசில்லாமல் நிற்கிறார்கள்.

திறப்பு விழாவுக்கு முன் எதைச் சோதிக்க வேண்டும்?

திறப்பதற்கு ஒரு மாதம் முன்பே தெருக்காரர்களை அழைத்து உட்கார வைத்து ஒருவரைத் தம்புராவோடு பாடச் சொல்லுங்கள். நாலு மூலையிலும் நாலு பேரை எழுதச் சொல்லுங்கள், சொல் புரிந்ததா, சுருதி கேட்டதா என்று. அதே நேரத்தில் நீங்கள் கூடத்துக்குள் இருக்காதீர்கள். பக்கத்து வீட்டுப் படுக்கையறையில் அனுமதி கேட்டு உட்காருங்கள். எங்கள் சோதனையில் அங்கே பாட்டு கேட்கவில்லை, செருப்பு வைக்கும் தகர அலமாரி மோதும் சத்தம் கேட்டது. அலமாரியை மரத்தில் மாற்றினோம். அப்புறம் மழை பெய்யும் ஒரு மாலையில் கூடத்தில் தனியாக ஒரு மணி நேரம் உட்காருங்கள். முற்றத்துத் தாழ்வாரத்தில் எங்காவது தகரம் மிச்சமிருந்தால் அன்றைக்குத் தெரிந்துவிடும். அதை எடுத்துவிட்டு ஓடு போட்ட பிறகு தேதி குறியுங்கள்.